ஊறல் தொட்டியும் ஓர் அளவுகோலும்



ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன் நான். அப்பணியின் தொடக்க நாளில் நான் செய்த பிழையொன்று இன்றும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

அது 1986ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சியை முடித்து வந்த சில ஆண்டுகளில், ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிற்பகல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் திரவமானியைக் கொண்டு திரவங்களின் ஒப்படர்த்தியை அளந்தார்கள். கண்ணாடித் தண்டும் அடியில் ஈயக் குண்டுகள் நிறைந்த குமிழும் உடைய அக்கருவியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பால்காரரிடம் வாங்கும் பாலில் தண்ணீர் கலந்துள்ளதா என்று பார்க்கும் பால்மானி அதன் உடன்பிறப்பு. திரவம் அடர்ந்ததாயின் கருவி மேலே மிதக்கும். நீர்த்ததாயின் ஆழ அமிழும். முதலில் தூய நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொன்னேன். எல்லாரும் 1.000 என்று எழுதினார்கள். கடைசி வரிசை மாணவன் ஒருவன் மட்டும் 0.997 என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அதை அடித்து 1.000 என்று திருத்தினேன். "தண்ணீரின் ஒப்படர்த்தி ஒன்று என்பதுகூடவா தெரியாது?" என்றும் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் அளக்கச் சொன்னபோது அவனும் 1.000 என்று எழுதினான். கருவியைக் குனிந்து பாராமலே எழுதினான்.

அந்த 0.997 சரியா, தவறா என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இதே திரவமானியைக் கையில் வைத்துக்கொண்டு இதே வகையான கேள்வியோடு போராடிய ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அவர்கள் அறிவியற் கழகத்தார் அல்லர். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பீர் காய்ச்சிய தொழிலாளரும் முதலாளிகளும் ஆவர்.

கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த நாட்டில், பள்ளி மாணவருக்கு ஒரு தலைமையாசிரியர் பீர் பற்றிப் பேசலாமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். மதுவின் பெருமை பேச நான் வரவில்லை. நம் மாநிலத்தில் உரிமமின்றி அதைக் காய்ச்சுவது குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறேன். ஆனால் அறிவு எந்தத் தொட்டியில் பிறந்தது என்று பார்த்து அதை ஒதுக்குவதற்கில்லை. இன்று வேளாண்மைக் கல்லூரியில் இரு நெல்வகைகளின் விளைச்சலை ஒப்பிடும் மாணவர் கையாளும் கணக்கு முறையொன்று, ஒரு மது ஆலையில் வாற்கோதுமையை ஆராய்ந்தபோது பிறந்ததே. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் தொழிலின் அடிப்படையை விளக்குகிறேன். நம் இல்லங்களில் கேழ்வரகை நனைத்து, முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். முளைகட்டாத மாவின் கஞ்சியைவிட அது நீர்த்திருக்கும். சற்று இனிக்கவும் செய்யும். தானியம் முளைக்கும்போது அதனுள் நொதிகள் தோன்றுகின்றன. வெதுவெதுப்பான நீர் சேர்ந்தால் அவை மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. வாற்கோதுமையை, அதாவது பார்லியை, இவ்வாறு முளைகட்டி உலர்த்தியதே மால்ட். மால்ட்டை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பத்தில் நீரோடு கலந்து ஊறவைப்பார்கள். நம் ஊர் வழக்கில் அதனை ஊறல் என்னலாம். ஊறலிலிருந்து வடித்த இனிப்புச் சாற்றோடு ஹாப் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் அச்சர்க்கரையை மதுவாக்கும்.

ஆகவே தொழிலின் உயிர்நிலை ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது: இத்தனை எடை மால்ட்டிலிருந்து எத்தனை சர்க்கரை சாற்றில் இறங்கியது? இறங்கியது குறைவாயின் காசு சக்கையோடு போயிற்று என்று பொருள். மாட்டுக்குத் தீனியாயிற்று என்று பொருள். எனினும் இக்கேள்விக்கு விடை காணும் கருவி எதுவுமின்றியே பல நூற்றாண்டுகள் இத்தொழில் நடைபெற்றது.

பழைய நாளில் எப்படி அளந்தார்கள்? நீரைக் கொதிக்கவைத்து, ஆவி அடங்கி, அதில் தன் முகம் தெரியும் தருணத்தில் மால்ட்டைக் கொட்டுவது ஒரு மரபு. விரலை நனைத்துச் சூட்டைப் பார்ப்பது மற்றொன்று. சாற்றின் செறிவை நாக்கும், இரு விரல்களுக்கிடையே தோன்றும் பிசுபிசுப்பும் சொல்லும். ஒரே மால்ட்டின்மேல் இரண்டு மூன்று முறை வெந்நீர் ஊற்றி வடிப்பார்கள். முதற்சாறு வலிய பீருக்கு. கடைசிச் சாறு நீர்த்த பீருக்கு. கைதேர்ந்தவரின் நாக்கை நான் இகழவில்லை. பாகுபதம் பார்க்கும் நம் பாட்டிமாரின் விரலும் அத்தகையதே. ஆனால் நாக்குக்கு நினைவு குறைவு. சென்ற ஆண்டு மால்ட்டும் இவ்வாண்டு மால்ட்டும் எத்துணை வேறுபட்டன என்று அது சொல்லாது. ஒருவர் நாக்கு அறிந்ததை இன்னொருவர் நாக்குக்கு எழுதி அனுப்பவும் இயலாது.

இந்நிலையை மாற்ற முதலில் வந்தது வெப்பமானி. இலண்டனில் பீர் காய்ச்சி வந்த மைக்கேல் கோம்ப்ரூன் என்பவர் 1758இல் ஒரு கட்டுரை நூலும், 1762இல் அதனை விரித்து ஒரு பெருநூலும் வெளியிட்டு, ஊறலின் சூட்டை வெப்பமானியால் அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். காரணம் என்னவென்று அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது. சூடு மிகுந்தால் நொதி அழியும். குறைந்தால் மாச்சத்து இளகாது. இந்த உண்மை விளங்க இன்னும் 70 ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. 1833இல் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் மால்ட்டிலிருந்து டயாஸ்டேஸ் என்னும் பொருளைப் பிரித்துக் காட்டினர். முதன்முதலாகப் பிரித்தறியப்பட்ட நொதி அதுவே. தொழில் முன்னே சென்றது. விளக்கம் பின்னே வந்தது. அறிவியல் வரலாற்றில் இது பலமுறை நிகழ்ந்ததுண்டு.

அடுத்து வந்தது நம் திரவமானி. ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஆல்ட்டன் என்னும் ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர் தந்தையின் ஆலையில் தொழில் பழகினார். 1768ஆம் ஆண்டளவில் ஒரு திரவமானியை வாங்கிச் சாற்றின் செறிவை அதனால் அளக்கத் தொடங்கினார். தந்தைக்கோ இத்தகைய புதுமைகளில் விருப்பமில்லை. எனவே மகன் தம் சோதனைகளைத் தந்தையறியாமல் செய்ய வேண்டியதாயிற்று. பின்னர் இலண்டனின் பெருமுதலாளியான சாமுவேல் விட்பிரெட்டிடம் அக்கருவியைக் காட்டியபோது, வீண் கனவுகளை விட்டுத் தொழிலைப் பார்க்குமாறு அவர் சொல்லியனுப்பினார் என்று பேவர்ஸ்டாக் குடும்பத்தார் எழுதிவைத்துள்ளனர். ஆங்கில அகராதி தொகுத்த டாக்டர் ஜான்சனின் நண்பரும் சவுத்வர்க் ஆலையின் உரிமையாளருமாகிய ஹென்றி திரேல்தான் அந்த இளைஞருக்குச் செவிகொடுத்தார்.

கருவியைப் பயன்படுத்துவது வேறு. அதைக் கொண்டு ஒரு முறைமையை நிறுவுவது வேறு. பின்னதைச் செய்தவர் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன். 1784இல் அவர் வெளியிட்ட நூலில் இக்கருவிக்குச் சாக்கரோமீட்டர், அதாவது சர்க்கரைமானி, என்று பெயரிட்டார். அவர் வகுத்த அளவு எளியது. ஒரு பீப்பாய் சாறு, ஒரு பீப்பாய் நீரைக் காட்டிலும் எத்தனை ராத்தல் கூடுதல் எடையுள்ளது? அந்த மிகுதியே அளவு. இவ்வளவு மால்ட்டிலிருந்து இத்தனை பீப்பாய், பீப்பாய்க்கு இத்தனை ராத்தல் என்று பெருக்கினால் மால்ட்டின் முழுப் பேறும் தெரிந்துவிடும். ஊறலைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றியவர் ரிச்சர்ட்சன் எனலாம்.

இக்கணக்கு ஒரு தொழிலையே புரட்டிப்போட்டது. அக்காலத்து இலண்டன் உழைப்பாளிகள் விரும்பிய பீர் போர்ட்டர் என்பது. அதன் கருநிறத்துக்குக் காரணம் பழுப்பு மால்ட். விறகுத் தீயில் கடுமையாக வாட்டி உலர்த்திய அது, மென்மையாக உலர்த்திய வெளிர் மால்ட்டைவிட விலை மலிவு. ஆகவே அதுவே ஆதாயம் என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். சர்க்கரைமானி வந்து சாற்றை அளந்தபோது உண்மை வெளிப்பட்டது. பழுப்பு மால்ட்டிலிருந்து இறங்கிய சத்து மிகவும் குறைவு. மரக்கால் கணக்கில் மலிவாய் இருந்தது சத்துக் கணக்கில் விலையுயர்ந்ததாய் இருந்தது! எதை அளக்க வேண்டுமோ அதை அளக்காமல், எளிதில் அளக்கத்தக்கதை அளந்ததால் வந்த மயக்கம் இது.

விளைவு யாது? ஆலைக்காரர்கள் வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். சத்துக் கூடியது, ஆனால் பீர் வெளுத்தது. மக்களோ கருநிறத்தையே கேட்டார்கள். நிறமூட்டுவதற்காகச் சிலர் என்னென்னவோ கலந்தார்கள். கருக்கிய சர்க்கரையைச் சேர்க்கச் சிலகாலம் சட்டம் இடம் தந்தது. 1816இல் அதையும் தடுத்தது. மறு ஆண்டு, 1817இல், டேனியல் வீலர் என்பவர் மால்ட்டையே காப்பிக்கொட்டை போல உருளையிலிட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சிறிதளவு கரிய மால்ட் நிறம் தந்தது. வெளிர் மால்ட் சத்துத் தந்தது. ஒரு கண்ணாடிக் கருவி வேளாண் சந்தையின் விலையையும், சட்டத்தையும், குடிப்பவர் கோப்பையின் சுவையையும் மாற்றிவிட்டது.

அடுத்துக் கருவியைக் கையிலெடுத்தது அரசாங்கம். 1697 முதல் இங்கிலாந்தில் மால்ட்டின்மீது வரி இருந்தது. 1880இல் கிளாட்ஸ்டன் அதனை நீக்கி, ஊறலிலிருந்து வடிந்த சாற்றின்மீதே வரி விதித்தார். ஒப்படர்த்தி 1.057 உள்ள 36 கேலன் சாற்றுக்கு 6 ஷில்லிங் 3 பென்சு என்பது வரி. சாற்றை மறைத்துக் குறைத்துக் காட்டினால் என்ன செய்வது? அதற்கும் சட்டம் வழி சொன்னது. 2 புஷல், அதாவது 84 ராத்தல், மால்ட்டைப் பயன்படுத்தினால் அத்தகைய சாறு 36 கேலன் வடித்ததாகவே கொள்ளப்படும் என்றது. கவனியுங்கள்: ஊறல் எத்துணைத் திறமையாக நடைபெற வேண்டும் என்று நாடாளுமன்றமே விதித்துவிட்டது. அதற்குக் குறைவாக வடித்தவர் தம் கைக்காசிலிருந்து வரி செலுத்த வேண்டும்.

இனி நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனில் அந்த 1880ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் காய்ச்சுவோரையும் உரிமம் பெறச் சொன்னது. 1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் மாட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டம் இல்லத்துப் பயன்பாட்டுக்குக் காய்ச்சுவதைக் கூட்டரசின் வரியிலிருந்து விலக்கியது. அதன்பின் அந்நாடுகளில் பலர் அடுக்களையில் ஒரு தொட்டியையும் ஒரு திரவமானியையும் வைத்துக்கொண்டு ரிச்சர்ட்சனின் கேள்வியையே கேட்கத் தொடங்கினர்.

அத்தகைய ஒருவர் 5 கிலோ வெளிர் மால்ட்டை ஊறவைத்து 25 லிட்டர் சாறு எடுத்தார் என்று கொள்வோம். ஆறிய சாற்றின் ஒப்படர்த்தி 1.048. நீரைவிட ஆயிரத்துக்கு 48 பங்கு மிகுதி. இதனை 48 பாகை என்பார்கள். 48ஐ 25ஆல் பெருக்க, 1200. இது கைக்கு வந்தது. வரவேண்டியது எவ்வளவு? ஒரு கிலோ சர்க்கரையை நீரில் கரைத்தால் இக்கணக்கில் ஏறத்தாழ 385 வரும். மால்ட்டில் உமியும் புரதமும் இருப்பதால், ஆய்வகத்தில் நன்கு பொடித்து முழுச் சத்தையும் இறக்கினால் கிலோவுக்கு ஏறத்தாழ 300 கிடைக்கும். 5 கிலோவுக்கு 1500. ஆக 1500இல் 1200, நூற்றுக்கு 80. இதுவே ஊறல் திறன். எஞ்சிய 20 பங்கு எங்கே? சரியாக நொறுங்காத மணிகளுக்குள் இருக்கும். அலசாமல் விட்ட சக்கையின் ஈரத்தில் இருக்கும். பாத்திரத்தின் அடியில் இருக்கும்.

இதே கணக்கைக் கிளாட்ஸ்டனின் சட்டத்துக்கும் பொருத்திப் பாருங்கள். 84 ராத்தல் என்பது ஏறத்தாழ 38 கிலோ. 36 கேலன் ஏறத்தாழ 164 லிட்டர். 57ஐ 164ஆல் பெருக்கி 38ஆல் வகுத்தால் கிலோவுக்கு 246 வருகிறது. இன்றைய மால்ட்டின் 300உடன் ஒப்பிட்டால் நூற்றுக்கு 82. இலண்டன் நாடாளுமன்றம் விதித்த அளவும், ஓர் அடுக்களைக்காரர் எளிதில் எட்டும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் காணும்போது, எண்களுக்குத்தான் எத்துணை நீண்ட நினைவு என்று வியக்கிறோம்!

ஆனால் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நம் அடுக்களைக்காரர் பொறுமையின்றிச் சாறு ஆறுமுன்னரே, 60 பாகை செல்சியசு சூட்டில், திரவமானியை இட்டார் என்று வைத்துக்கொள்வோம். சூடான திரவம் விரிந்திருக்கும், அடர்த்தி குறைந்திருக்கும். அதே சாறு 1.048க்கு மாறாக ஏறத்தாழ 1.033 என்று காட்டும். கணக்குப் போட்டால் திறன் 80 அன்று, 55. உடனே அவர் மால்ட் விற்றவரைத் திட்டுவார். அரைத்த இயந்திரத்தைத் திட்டுவார். சாற்றில் ஒரு குறையும் இல்லை. குறை, கேள்வி கேட்ட முறையில் இருக்கிறது. இவ்வாறே தொட்டியின் அளவுக்கோடு தவறாயின், சில வேளை திறன் நூற்றுக்கு மேலும் வரும். தானியத்தில் இல்லாத சத்து சாற்றில் எப்படி வந்தது? அதை எண்ணிப் பாராமல் மகிழ்ந்தவரும் உண்டு.

அதனால்தான் கருவி செய்வோர் ஒவ்வொரு திரவமானியிலும் அது எந்த வெப்பத்துக்கு உரியது என்று குறித்தார்கள். பிராகா நகரத்துப் பேராசிரியர் கார்ல் பாலிங் 1843இல் சர்க்கரைக் கரைசலின் எடைவீதத்துக்கும் ஒப்படர்த்திக்கும் அட்டவணை வகுத்தபோது, வெப்பம் 17.5 பாகை செல்சியசு என்று வரையறுத்தார். பின்னர் ஜெர்மனியில் பிளேட்டோ என்பவரும் உடனுழைத்தோரும் அதனை இன்னும் நுட்பமாகத் திருத்தினர். ஆங்கில நாட்டுப் பழைய கருவிகளில் பெரும்பாலானவை 60 பாகை பாரன்ஹீட்டுக்கு உரியவையாய் இருந்தன.

வெப்பத்தைத் திருத்தியாயிற்று, பாத்திரத்தையும் திருத்தியாயிற்று. இப்போதாவது ஒரு முறை அளந்தால் உண்மை கிடைத்துவிடுமா? இந்தக் கேள்வியைக் கேட்டவர் வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் கற்று, 1899இல், தம் 23ஆம் வயதில், டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். அங்கே 168 ராத்தல் மால்ட்டுக்கு எத்தனை பாகை சத்து என்று அளப்பார்கள். ஏறத்தாழ 133 பாகை என்பது அவர்கள் விரும்பிய அளவு. கூடினால் மது வீதம் ஏறி வரியும் ஏறும். குறைந்தால் குடிப்பவர் குறை சொல்வார்.

ஒரே மால்ட்டை ஒரே ஆய்வகத்தில் இருமுறை அளந்தால் இரு எண்கள் வந்தன. எவரும் தவறு செய்யவில்லை. ஒரு பிடி மால்ட்டுக்கும் அடுத்த பிடி மால்ட்டுக்கும் இயல்பாகவே வேறுபாடு உண்டு. கைக்கும் கண்ணுக்கும் உண்டு. அப்படியானால் எத்தனை முறை அளந்தால் போதும்? 1904இல் ஆலைக்கு அளித்த அறிக்கையில் காசெட் இதற்குக் கணக்கால் விடை கூறினார். சராசரி, உண்மை அளவிலிருந்து அரைப் பாகைக்கு மேல் விலகாது என்று பந்தயம் கட்டினால் எந்த வீதத்தில் கட்டலாம்? இருமுறை அளந்தால் 4க்கு 1. மும்முறை அளந்தால் 7க்கு 1. நான்கு முறை அளந்தால் 12க்கு 1. ஆலைக்கு 10க்கு 1 என்னும் உறுதி போதும். ஆதலின் நான்கு அளவைகள் போதும். 82 முறை அளந்தால் உறுதி ஏறத்தாழ முழுமை பெறும்; ஆனால் அதற்கு ஆகும் செலவையும் நாளையும் யார் கொடுப்பது?

அக்காலத்துப் புள்ளியியல் வல்லுநர் நூற்றுக்கணக்கான அளவைகளைக் கொண்டு கணக்கிட்டுப் பழகியவர்கள். நான்கே அளவைகளிலிருந்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதற்கு நேரிய விதி இல்லை. காசெட் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கார்ல் பியர்சனிடம் சென்று 1906–07இல் பயின்றார். விதியைக் கணிதத்தால் வகுத்தார். பின்னர்க் கையாலும் சோதித்தார். 3000 குற்றவாளிகளின் உயரமும் விரல் நீளமும் குறித்த அளவைகளை 3000 அட்டைகளில் எழுதி, சீட்டுக் கலைப்பதுபோல நன்கு கலைத்து, நான்கு நான்காக 750 குழுக்களாகப் பிரித்துத் தம் விதியோடு ஒப்பிட்டார். கணிப்பொறி இல்லாத நாளில் எத்துணைப் பொறுமை!

1908இல் அக்கட்டுரை வெளிவந்தது. ஆலையின் கட்டுப்பாட்டால் தம் பெயரை இடவில்லை. 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவன், என்று கையொப்பமிட்டார். 1937இல் மறையும் வரையில் அப்பெயரிலேயே எழுதினார். இன்று உலகெங்கும் 'ஸ்டூடண்டின் டி சோதனை' என்று வழங்குவது அந்த ஊறல் தொட்டியிலிருந்து வந்ததே. நெல்வயலிலும் மருத்துவமனையிலும் சில அளவைகளையே கொண்டு முடிவு காண வேண்டிய இடமெல்லாம் அது பயன்படுகிறது. மால்ட்டின் சத்தை அளக்கப் புகுந்தவர், அளத்தல் என்பதையே அளந்து காட்டிவிட்டார்.

மாணவர்களே, மூன்று படிகளை இவ்வரலாற்றில் காண்கிறோம். நாக்கை நம்பிய காலம் ஒன்று. கருவியை நம்பிய காலம் இரண்டாவது. கருவி எந்நிலையில் சொல்கிறது, எத்தனை முறை சொல்கிறது, எவ்வளவு தடுமாறுகிறது என்று அறிந்து நம்பிய காலம் மூன்றாவது. இரண்டாம் படியில் நின்றுவிட்டவர், முதற்படியில் இருப்பவரைவிடப் பெரிதும் உயர்ந்தவர் அல்லர். எண் கையில் இருக்கிறது என்ற செருக்கு மட்டுமே அவருக்கு மிகுதி.

நானும் அந்த இரண்டாம் படியில்தான் நின்றேன். அதை ஒப்புக்கொள்ளவே இன்று பேச வந்தேன். அவ்வாண்டின் இறுதியில் ஆய்வுக்கூடப் பொருள்களைத் துடைத்து அடுக்கிவைத்தபோது, திரவமானியின் தண்டுக்குள் சுருட்டியிருந்த தாளில் மிகச் சிறிய எழுத்தில் 60 பாகை பாரன்ஹீட் என்று இருந்ததைக் கண்டேன். செல்சியசில் அது 15.6. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிற்பகலில் வெப்பம் 30 பாகைக்குக் குறைவதில்லை. ஒரு சாடியில் நீரை ஊற்றி, வெப்பமானியையும் திரவமானியையும் ஒருசேர இட்டுக் குனிந்து பார்த்தேன். 30 பாகை; 0.997. மறுபடியும் ஊற்றிப் பார்த்தேன். அதுவே வந்தது.

வகுப்பில் 1.000 என்று எழுதியவர்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்கள். கருவியைப் பார்த்து எழுதியவன் ஒருவனே. அவனைத்தான் நான் திருத்தினேன். கண்டதை எழுதினால் அடிபடும், கேட்பவர் விரும்புவதை எழுதினால் மதிப்பெண் வரும் என்ற பாடத்தை ஒரே வாரத்தில் அவனுக்குக் கற்பித்துவிட்டேன். நான் உண்மையைக் கண்டறிந்தபோது அவன் தேர்வெழுதி முடித்திருந்தான். குடும்பத்தார் ஊரை விட்டுச் சென்றுவிட்டார்கள் என்றும் அறிந்தேன்.

அதன்பின் ஒவ்வோராண்டும் முதல் வகுப்பில் தூய நீரையே அளக்கச் சொன்னேன். அருகே வெப்பமானியையும் வைத்தேன். ஒவ்வொருவரும் நான்கு முறை அளந்து, நான்கையும் அப்படியே எழுத வேண்டும். அடித்துத் திருத்தினால்தான் மதிப்பெண் குறையும். தலைமையாசிரியரான பின்னரும், ஒரு மாணவனை ஒரே தேர்வின் எண்ணைக் கொண்டு மட்டும் எடைபோட என் கை தயங்கியது. அந்த எண் எந்த வெப்பத்தில் எடுத்தது என்று நமக்குத் தெரியாதன்றோ?

அந்த மாணவருக்கு இப்போது ஐம்பது வயதைக் கடந்திருக்கும். எங்கேனும் இருந்து இப்பேச்சைக் கேட்க நேர்ந்தால், அவருக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஐயா, உங்கள் 0.997 சரியான விடை. சிவப்பு மை என்னுடைய பிழை.